விற்கும் சொல்லும் விரட்டும் சொல்லும்

நுகேகொடைச் சந்தியில் மாலை வேளையில் சற்றே நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஹைலெவல் வீதியின் இருமருங்கும் துணிக்கடைகளும் சப்பாத்துக் கடைகளும் வரிசையாக நிற்க, ஒவ்வொரு கடையின் நெற்றியிலும் ஒரு பெயர்ப்பலகை. 138ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒருவர் பலகையைப் பார்க்கிறார், கண்ணாடிக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கிறார், உள்ளே நுழைகிறார். அங்கே அவரை வரவேற்க ஒரு முகம் இருக்கிறது. துணியைத் தொட்டுப் பார்க்கலாம். சப்பாத்தைக் காலில் இட்டுப் பார்க்கலாம். விலையைக் கொஞ்சம் குறைக்குமாறு கேட்டும் பார்க்கலாம்.

இன்று அக்கடைகளுள் பலவற்றுக்கு இரண்டாவது வாசல் ஒன்றும் உண்டு. அது வீதியை நோக்கியதன்று. நமது கைத்தொலைபேசியை நோக்கியது. இணையத்தளம் என்னும் அவ்வாசலில் முகம் இல்லை. தொட்டுப் பார்க்கத் துணி இல்லை. கேட்டவுடன் மறுமொழி கூற ஆளும் இல்லை. அங்கே வாடிக்கையாளரை எதிர்கொள்வது படமும் எழுத்துமே. படம் நிறத்தைக் காட்டும். மற்றவை அனைத்தையும் எழுத்தே கூறவேண்டும். எழுத்தே கடைக்காரர், எழுத்தே தராசு, எழுத்தே உத்தரவாதம். அவ்வெழுத்து எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதனையே இவ்வாரம் நேயர்களோடு சேர்ந்து ஆராய விழைகின்றோம்.

"இது வணிகர் விடயம், எமக்கும் எம் பிள்ளைகளுக்கும் இதனால் ஆவதென்ன?" என்று நேயர் சிலர் வினவக்கூடும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நம் நாட்டுக் குடும்பங்களை எவ்வாறு உலுக்கியது என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார். மாதச் சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்துபோக, தையல், கேக், ஊறுகாய், மிளகாய்த்தூள் என ஏதேனும் ஒரு சிறு தொழிலை வீட்டிலிருந்தே செய்து காலத்தைக் கடத்தும் இல்லத்தரசியர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நுகேகொடையிலும் இன்றும் பலர். இத்தகைய வீடுகளில் இணையப் பக்கத்தை எழுதுபவர் யார்? பெரும்பாலும் உயர்தர வகுப்பிற் படிக்கும் மகன் அல்லது மகள். அடுப்பங்கரையில் தாய் பட்ட பாடு விலைபோவதும் விலைபோகாமற் கிடப்பதும் அப்பிள்ளை எழுதும் பத்து வரிகளில் தங்கியிருக்கின்றது. ஆகவே இது குடும்பத்துக்கும் உரிய விடயம். மொழி கற்கும் மாணவர்க்கும் உரிய விடயம்.

கொடி கூறிய செய்தி

கடைக்கு ஆள் அழைக்கும் கலை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கின்றான். பொன் விற்கும் வீதிக்கு அவன் வரும்போது இளங்கோவடிகள் ஒரு சிறு செய்தியைச் சொல்லிச் செல்கின்றார். பொன்னில் நால்வகை உண்டு. அவற்றுள் எவ்வகை எவ்விடத்தில் விற்கப்படுகிறது என்று அறியாது வாங்க வருவோர் மயங்குவர். அம்மயக்கம் தீரும்பொருட்டு, பொன்னின் இயல்பறிந்த வணிகர் கொடிகளை உயர்த்தியிருந்தனர் என்பதே அச்செய்தி.

இங்கே உற்றுநோக்க வேண்டியது கொடியின் அழகையன்று, அதன் நோக்கத்தை. "எம் பொன்னே உலகிற் சிறந்தது" என்று அக்கொடி பறைசாற்றவில்லை. "நீர் தேடிவந்த பொன் இங்கே இருக்கிறது" என்று மட்டும் அறிவித்தது. வாங்க வந்தவரின் கலக்கத்தைத் தீர்த்தது. வணிக எழுத்தின் முழு இலக்கணமும் இதனுள் அடங்கியிருக்கிறது எனலாம். கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர் இன்று தமது இணையத்தளத்தில் 22 கரட் எது, 18 கரட் எது, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, பழைய நகையை எவ்வாறு மதிப்பிடுவோம் என்று வகுத்து எழுதுவாராயின், அவரும் அதே கொடியைத்தான் உயர்த்துகின்றார்.

ஈர்ப்பது வேறு, இணங்கச் செய்வது வேறு

வாடிக்கையாளரை நம்பால் ஈர்ப்பது ஒரு செயல். வந்தவரை வாங்க இணங்கச் செய்வது மற்றொரு செயல். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பலர் இடறும் இடம். இவ்வேறுபாட்டை விளக்க நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரில் 1871இல் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தார். மக்களின் கண்ணைக் கவர அவர் செய்த வேடிக்கைகள் பல. கொழுத்த பன்றிகளை அலங்கரித்து, "நாங்கள் லிப்டன் கடைக்குப் போகின்றோம்" என்னும் கருத்துடைய பதாகையோடு வீதிவழியே நடத்திச் சென்றார். 1881இல் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பிரமாண்டமான பாற்கட்டியைத் தருவித்து, அதனுள் பொற்காசுகளைப் புதைத்து விற்றார். கூட்டம் திரண்டது. ஆனால் கூட்டம் திரள்வது மட்டும் வியாபாரமாகுமா? வேடிக்கை பார்க்க வந்தவர் வேடிக்கை முடிந்ததும் வீடு திரும்புவர்.

1890இல் லிப்டன் இலங்கைக்கு வந்து ஊவாவில் அப்புத்தளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். கோப்பிச் செய்கை நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்நாளில் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெரும் பெட்டிகளில் இருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. அது எந்நாட்டது, எத்தனை நாள் பழையது, அதனோடு என்ன கலந்திருக்கிறது என்று வாங்குவோர் அறியார். லிப்டனோ நிறை குறித்த சிறு பொதிகளில் தேயிலையை அடைத்தார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்ற பொருள்பட ஒரு வாசகத்தை எங்கும் எழுதுவித்தார். ஒவ்வோர் ஊர் நீருக்கும் ஏற்றவாறு தேயிலையைக் கலந்து, இன்ன ஊர் நீருக்கு இது பொருந்தும் என விளம்பரம் செய்தார்.

பன்றிகள் ஈர்த்தன, பொதி இணங்கச் செய்தது. எவ்வளவு நிறை, எங்கிருந்து வருகிறது, என் வீட்டு நீருக்குப் பொருந்துமா என்ற மூன்று ஐயங்களுக்கும் பொதியும் வாசகமும் விடையளித்தன. இன்றைய இணையத்தளங்களிற் பலவற்றில் பன்றிகள் ஏராளம், பொதியைத்தான் காணோம். ஆடும் எழுத்துகள், ஓடும் படங்கள், பாடும் இசை யாவும் உண்டு. நிறையும் விலையும் மட்டும் இல்லை.

லிப்டனின் வாசகம் முழு உண்மையும் அன்று என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. அவர் விற்ற தேயிலை முழுவதும் அவர்தம் தோட்டங்களிலேயே விளைந்ததன்று. அன்றியும், தோட்டத்துக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கும் இடையே கொழுந்து பறித்த கைகள் இருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் கைகள் அவை. "நேரே" என்ற ஒரு சொல்லுக்குள் அக்கைகள் மறைந்துபோயின. வணிகச் சொல் சிலவற்றைக் காட்டும். சிலவற்றை மறைக்கவும் செய்யும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பெருமை பேசுவதால் விளையும் நட்டம்

தற்புகழ்ச்சி நல்லதன்று என்பது நம் முன்னோர் கூறும் ஒழுக்கம். அது வணிகத்துக்கும் நல்லதன்று என்பதை அளந்தே காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1997ஆம் ஆண்டில் ஜேக்கப் நீல்சன், ஜான் மோர்க்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். நெப்ராஸ்கா மாநிலத்தின் காட்சியிடங்களைப் பற்றிய ஒரே செய்தியை ஐந்து விதமாக எழுதி, ஐந்து இணையத்தளங்களாக அமைத்தனர். முதலாவது வழக்கமான விளம்பர நடையில், பெருமைச் சொற்கள் மலிந்ததாக இருந்தது. அதனையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டனர்.

சொற்களைப் பாதியாகக் குறைத்த தளம், வாசகர்க்குப் பயன்படும் தன்மையில் 58 வீதம் மேம்பட்டிருந்தது. சொற்களைக் குறைக்காது, தலைப்புகளும் நிரல்களும் இட்டு, கண்ணோட்டத்தில் விளங்குமாறு அமைத்த தளம் 47 வீதம் மேம்பட்டிருந்தது. வேறெதனையும் மாற்றாது, பெருமைப் பேச்சை மட்டும் நீக்கிய தளம் 27 வீதம் மேம்பட்டிருந்தது. மூன்றையும் ஒருங்கே செய்த தளமோ 124 வீதம் மேம்பட்டிருந்தது!

பெருமைப் பேச்சை நீக்கிய அளவிலேயே பயன் கூடியது ஏன்? ஆராய்ந்தோர் கூறிய விளக்கம் சிந்தனைக்குரியது. "ஒப்பற்ற", "உன்னதமான" என்ற சொற்களை வாசிக்கும்போது வாசகரின் மனம் சும்மா இருப்பதில்லை, "இது மிகை, உண்மை எவ்வளவு?" என்று சலித்துப் பார்க்க முனைகிறது. அச்சலிப்பு வேலையிலேயே அவர் களைத்துவிடுகின்றார். அரிசியில் கல்லை நாமே கலந்துவிட்டு, பொறுக்கிக் கொள்ளுமாறு வாடிக்கையாளரிடம் நீட்டுவது போன்றது அது.

அதே ஆராய்ச்சியாளர் கண்ட மற்றோர் உண்மை: இணையப் பக்கத்தைச் சொல் சொல்லாக வாசிப்போர் நூற்றுக்குப் பதினாறு பேரே, எழுபத்தொன்பது பேர் கண்ணை ஓடவிட்டு மேய்ந்து செல்வோர். 2006இல் நீல்சன் குழுவினர் 232 பேரின் கண்ணசைவைக் கருவியால் ஆராய்ந்தபோது, மேலேயுள்ள ஓரிரு வரிகளையும், அதற்குக் கீழே ஒவ்வொரு வரியின் இடப்பக்கத் தொடக்கத்தையுமே கண்கள் மிகுதியாக நாடின என்று கண்டனர்.

தமிழில் எழுதுவோர்க்கு இதனால் ஒரு தனிச் சிக்கல் எழுகின்றது. நம் மொழியில் அடைமொழிகள் முன்னே வரும். பெயர் பின்னே வரும். வினை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். "எமது நிறுவனத்தால் மிகுந்த சிரத்தையுடன் தெரிவுசெய்யப்பட்ட மூலப்பொருட்களைக் கொண்டு தயாரிக்கப்படும் மிளகாய்த்தூள்" என்று எழுதினால், விற்கும் பொருளின் பெயர் வரியின் வால்நுனியில் தொங்குகிறது. மேய்ந்து செல்லும் கண்ணுக்கு அகப்படுவது "எமது நிறுவனத்தால்" என்பது மட்டுமே. ஆகவே பொருளின் பெயரை முதலில் வைத்து, விளக்கத்தைச் சிறு வாக்கியங்களாகப் பின்னே தொடர்தல் வேண்டும். இது தமிழ் மரபுக்கு மாறன்று. நமது கடைப் பெயர்ப்பலகைகளும் மருந்துக் குறிப்புகளும் சமையற் குறிப்புகளும் என்றும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளன.

ஒரு பொதி மிளகாய்த்தூள்

விதியை மட்டும் கூறிச் செல்வது ஆசிரியர்க்கு அழகன்று, எடுத்துக்காட்டும் வேண்டும். நுகேகொடையில் ஓர் அம்மையார் வீட்டிலேயே மிளகாய்த்தூள் தயாரித்து விற்கின்றார் எனக் கொள்வோம். அவருடைய மகள் எழுதும் பக்கம் முதலில் இவ்வாறு இருக்கும்:

"உலகத்தரம் வாய்ந்த, ஒப்புவமையற்ற, பாரம்பரியச் சுவைமிக்க, வாடிக்கையாளர் மனங்கவர்ந்த எமது உன்னதத் தயாரிப்பினை இன்றே வாங்கி மகிழுங்கள்!"

இவ்வரியில் "தயாரிப்பு" என்பதற்குப் பதிலாகச் சவர்க்காரம் என்று இட்டாலும் பொருந்தும்; சைக்கிள் என்று இட்டாலும் ஏறக்குறையப் பொருந்தும். எப்பொருளுக்கும் பொருந்தும் வரி எப்பொருளையும் விற்காது. இனி அதனையே இவ்வாறு மாற்றுவோம்:

"யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். சரக்குகள் சேர்த்து வறுத்த கறித்தூள். நடுத்தரக் காரம், காரம் குறைந்த வகையும் உண்டு. சேர்ந்தவை: செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. நிறமூட்டி சேர்ப்பதில்லை. வீட்டில் வறுத்து, ஒவ்வொரு மாத முதல் வாரத்திலும் ஆலையில் அரைப்பிக்கிறோம். அரைத்த திகதி பொதியில் இருக்கும். 250 கிராம், 500 கிராம் பொதிகள்."

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. எனினும் வாசிப்பவர்க்கு வாசனை வருகிறதன்றோ? அரைத்த திகதியைப் பொதியில் எழுதுபவர் பழைய தூளை விற்கமாட்டார் என்று வாசகர் தாமே முடிவு செய்கின்றார். நாம் கூறி அவர் நம்புவதைவிட, அவரே கண்டு நம்புவது வலிமை மிக்கது.

இவ்வெடுத்துக்காட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. யாழ்ப்பாணத்தார் மிளகாய்த்தூள் என்றால் சரக்குகள் சேர்ந்த கறித்தூளையே கருதுவர். ஏனைய இடத்துத் தமிழர் பலர்க்கோ அச்சொல் வெறும் மிளகாயின் தூளைக் குறிக்கும். விளக்கம் இல்லையேல் ஒருவர் குழம்பைக் கெடுத்துக்கொள்வார்; நாம் ஒரு வாடிக்கையாளரை இழப்போம். ஆகவேதான் "சரக்குகள் சேர்த்து வறுத்த கறித்தூள்" என்ற குறிப்பு. சிங்கள அயலவர்க்கு எழுதும்போது, அவர்கள் நன்கறிந்த துனபஹவிலிருந்து இது எவ்வாறு வேறுபடும் என்று கூறல் வேண்டும். ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழிக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் இவ்வேலை முடியாது. ஒவ்வொரு மொழியாரின் ஐயமும் வேறு.

மாணவர்க்கு ஓர் எளிய பயிற்சி கூறுவோம். பக்கத்தை எழுதத் தொடங்குமுன் வீட்டிலுள்ள பாட்டியாரிடம் செல்லுங்கள். "இந்தத் தூளைக் கடையில் வாங்குவதாயின் என்னென்ன கேட்பீர்கள்?" என்று வினவுங்கள். காரம் எப்படி, எப்போது அரைத்தது, மல்லி எவ்வளவு, வண்டு பிடிக்காமல் எத்தனை நாள் இருக்கும், மீன்குழம்புக்கு எத்தனை கரண்டி போடுவது என்று அவர் அடுக்குவார். அவ்வினாக்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விடையெழுதுங்கள். உங்கள் பக்கம் முக்காற்பங்கு முடிந்துவிட்டது. பின்னர் தொலைபேசியில் வாடிக்கையாளர் கேட்கும் வினாக்களையும் ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். ஒரே வினாவை ஐவர் கேட்டால், அதற்கான விடை பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணுக்குப் படும் இடத்தில் இல்லை என்பது பொருள்.

விலையை மறைக்கும் வழக்கம்

நம் நாட்டுச் சிறு வணிகரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. முகநூலில் அழகான சேலையின் படம் இருக்கும், விலை இராது. "விலையறிய உட்பெட்டியில் கேளுங்கள்" என்று இருக்கும். விலையைச் சொன்னால் போட்டியாளர் அறிந்துவிடுவார், கேட்பவரோடு பேசினால் வாங்கச் செய்துவிடலாம் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். ஆனால் கேட்கக் கூச்சப்பட்டு விலகுவோர் எத்தனை பேர் என்பதை அவ்வணிகர் கணக்கிடுவதில்லை. விலகியவர் சொல்லிக்கொண்டு போவதும் இல்லை. குறைந்த வருவாயுள்ளோர்க்கு விலை முதற்செய்தி. அதனை மறைப்பது அவர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

விலையோடு சேர்த்துக் கூறவேண்டியவை வேறும் உள. எவ்வெவ்விடங்களுக்குக் கொண்டுவந்து தருவீர்கள்? அதற்குக் கட்டணம் எவ்வளவு? எத்தனை நாளில் வரும்? பொருள் பழுதானால் மாற்றித் தருவீர்களா? பணத்தைப் பொருள் கிடைத்த பின் கொடுக்கலாமா? கடையின் முகவரி என்ன? தொலைபேசியை எடுப்பவர் தமிழ் பேசுவாரா?

இறுதி வினாவைச் சிறிதென எண்ணற்க. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள், வெள்ளவத்தை மாடிவீட்டிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் தனித்திருக்கும் பெற்றோருக்கு அரிசியும் பழமும் மருந்தும் இணையத்தின் வழியே வாங்கி அனுப்புகின்றனர். இவ்வாறு தொலைவிலிருப்போர் வீட்டுக்குப் பொருள் அனுப்பும் தேவையை இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே கண்டுகொண்ட இலங்கை நிறுவனம் "கப்ருக" என்பது. அச்சிங்களப் பெயருக்குக் கற்பகதரு என்று பொருள். அத்தகைய பெருநிறுவனத்தோடு சிறு கடை விலையிற் போட்டியிடுவது கடினம். ஆனால் "மின்தூக்கி பழுதாயினும் நான்காம் மாடிக்குக் கொண்டுவந்து தருவோம், வருமுன் அம்மாவுடன் தமிழிற் பேசுவோம்" என்று ஒரு சிறு கடை எழுதி, எழுதியவாறு செய்தும் காட்டுமாயின், தொலைவிலுள்ள மகனுக்கு அதனைவிட இனிய சொல் வேறில்லை.

கணினி காணாத தமிழ்

வாசகர் பக்கத்தை வாசிப்பதற்கு முன் அதனைக் கண்டுபிடித்தல் வேண்டும். இன்று வழிகாட்டுவது கூகுள் முதலிய தேடுபொறிகள். அவை எழுத்தை வாசித்தே பக்கத்தை இனங்காண்கின்றன. நம்மவர் பலர் தமிழை அழகான படமாகச் செய்து பக்கத்தில் ஒட்டிவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியும் அவ்வெழுத்தைத் தேடுபொறி எழுத்தாகக் கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. இன்னும் சிலர் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டதை அப்படியே இடுகின்றனர். அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே யூனிகோட் முறையில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. 2010இல் ".இலங்கை" என்ற தமிழ் முகவரி ஈறும் நம் நாட்டுக்குக் கிடைத்தது. வாசல் திறந்திருக்கிறது, நாம்தான் நுழையாது நிற்கின்றோம்.

தேடுவோர் வழங்கும் சொல்லையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். "ஆடவர் பாதணிகள்" என்று கடைக்காரர் எழுதுகின்றார். வாங்குவோரோ "சப்பாத்து" என்றே தேடுகின்றார். செந்தமிழ் மீது எமக்குள்ள பற்று நேயர்கள் அறிந்ததே. ஆயினும் சந்தைக்கு வருவோர் வாயில் வழங்கும் சொல்லை இகழ்வது மொழிப்பற்றாகாது. தலைப்பில் சப்பாத்து இருக்கட்டும். விளக்கத்தில் பாதணி வரட்டும்.

இப்பொழுது கணினியே கட்டுரை எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், விளம்பர வரிகளை எவரும் நொடிப்பொழுதிற் பெறலாம். எழுத்துப்பிழை திருத்தவும் நீண்டதைச் சுருக்கவும் அது உதவக்கூடும். ஆனால் உங்கள் தாயார் மிளகாயை எத்தனை நாள் வெயிலிற் காயவைத்தார் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் கூறாவிடின், அது எங்கும் பொருந்தும் பொதுச் சொற்களையே தரும். எல்லாக் கடைகளும் ஒரே குரலிற் பேசும்போது, தன் பொருளைத் தான் அறிந்து பேசுபவரின் குரலே தனித்துக் கேட்கும்.

இணங்கச் செய்தலும் ஏமாற்றலும்

இவ்விடத்தில் ஓர் எல்லைக்கோடு வகுத்தல் இன்றியமையாதது. "இன்னும் இரண்டே பொதிகள் உள்ளன" என்பது உண்மையாயின் செய்தி, பொய்யாயின் வலை. வாங்காதவர் பெயரில் புகழுரை எழுதுவதும், இல்லாத பழைய விலையை வெட்டிக் காட்டிப் புதிய விலையைக் குறைவென நம்பச் செய்வதும் அவ்வாறே. அமெரிக்காவில் பொய்யான வாடிக்கையாளர் கருத்துகளைத் தடைசெய்யும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரத்தின் போக்கில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயலைத் தடுக்கின்றது; 31ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளைத் தடுக்கின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமோ, இலத்திரனியல் வடிவில் இருப்பது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்டவலுவை மறுத்தல் ஆகாது என்கின்றது. திரையில் எழுதியது காற்றில் எழுதியதன்று என்பதை வணிகர் மனத்திற் கொள்வாராக.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் உண்மை எழுதவேண்டியதில்லை. வீதிக் கடையில் ஏமாந்தவர் அடுத்த முறை எதிர்ப்பக்கம் நடந்துபோவார். இணையத்தில் ஏமாந்தவர் ஆயிரம் பேர் வாசிக்கக் கருத்து எழுதிவிட்டுப் போவார். பட்டினப்பாலை புகழும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாதவர். கொடுப்பதைக் குறைவாகக் கொடாதவர். கடல்கடந்த வாணிகம் செய்தவர்க்கு நற்பெயரே முதல் என்பதை அவர் அறிந்திருந்தனர். முகமறியாதவரோடு வணிகம் செய்யும் நமது காலத்துக்கு அவ்வறம் முன்னிலும் பொருந்தும். குறையையும் கூறிவிடுவது நன்று. "மழைக்காலத்தில் வெயில் போதாமையால் ஒடியல் தாமதமாகலாம்" என்று முன்கூட்டியே எழுதுபவரின் ஏனைய வரிகளையும் மக்கள் நம்புவர்.

மாணவச் செல்வங்களே! கடிதமும் கட்டுரையும் எழுதப் பள்ளியிற் பழகுகிறீர்கள். அப்பயிற்சி பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுவதன்று. உங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருப்பார்; ஊறுகாய் போடும் ஒரு மாமி இருப்பார்; வானொலிப் பெட்டி திருத்தும் ஒரு முதியவர் இருப்பார். அவர்கள் கைத்தொழிலில் வல்லவர், எழுத வல்லவரல்லர். வரும் விடுமுறையில் ஒரு நாள் அவர்கள் பக்கத்திலிருந்து, அவர்கள் செய்வதை உற்றுப் பார்த்து, கேட்டு, பத்து வரி எழுதிக் கொடுங்கள். ஒரு பெருமைச் சொல்லும் வேண்டாம். ஒரு பொய்யும் வேண்டாம். என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எப்பொழுது, பழுதானால் என்ன செய்வோம் என்ற ஐந்துக்கும் தெளிவான தமிழில் விடை இருந்தாற் போதும். அப்பத்து வரி ஒரு வீட்டின் அடுப்பை எரியவைக்குமாயின், நீங்கள் கற்ற தமிழுக்கு அதனினும் உயர்ந்த மதிப்பெண்ணை எந்தப் பரீட்சகரும் இடப்போவதில்லை.